பஞ்சநாதன் செருப்பைக் கழற்றும் இடம்

பனைமரத்தைத் தாண்டியதும் பஞ்சநாதன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். சாலையோரமாகக் கொஞ்ச தூரம் வெறுங்காலோடு நடப்பார். டிரான்ஸ்பார்மர் வந்ததும் செருப்பைக் கீழே போட்டுக் காலை நுழைத்துக்கொண்டு, குழாய் வால்வு திறக்கும் இரும்புச் சாவியைத் தோள் மாற்றிப் போட்டபடி போய்விடுவார். சித்திரை வெயிலில் தார் இளகிக் காலில் ஒட்டும்போதும் அப்படித்தான், ஐப்பசி மழையில் சேறு வழுக்கும்போதும் அப்படித்தான். சிந்து பள்ளிக்கூடம் போன காலத்தில் பார்க்கத் தொடங்கியது. அவள் பட்டம் வாங்கி, அரசுத் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று வீட்டோடு உட்கார்ந்த பிறகும் அது மாறவில்லை.

பெரம்பலூர் டவுன் நாலு ரோட்டைத் தாண்டி அரியலூர் சாலையில் நீண்டுகொண்டே வந்ததில் முளைத்தது பசுமை நகர். அதற்கு முன் பருத்தியும் மக்காச்சோளமும் விளைந்த கரிசல் காடு. அதில் ஒரு பகுதி பஞ்சநாதனுடையது. மகன் ஜெயப்பிரகாஷ் வெளிநாடு போக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றதில் விற்றார். வாங்கியவர்கள் லாரி லாரியாகச் சிவப்பு கிராவலைக் கொட்டி மேடாக்கி, மஞ்சள் கல் நட்டு, ரோடு போட்டார்கள். மூலையில் ஒரு மனையைப் பஞ்சநாதனுக்கே ஒதுக்கி, தண்ணீர் திறந்துவிடும் வேலையையும் கொடுத்தார்கள்.

மனை வாங்கி வந்தவர்களில் முதல் வரிசை சிந்துவின் குடும்பம். அப்பா செந்தில்குமார் சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர். அம்மா அம்பிகா. அக்கம்பக்கத்தில் ரஞ்சன்குடிக்காரர் ஒருவர், ஜெயங்கொண்டத்துக்காரர் ஒருவர், லப்பைக்குடிக்காட்டிலிருந்து வந்து மாடி வீடு கட்டிய ஹபீபுல்லா பாய். எல்லாம் இருந்தது நகரில். சாமி மட்டும் இல்லை. ஆடி பிறந்தால் ஆளுக்கொரு திசையில் தங்கள் குலதெய்வத்தைத் தேடி பஸ் ஏறிவிடுவார்கள். தெருவில் நாய்தான் மிச்சம் இருக்கும்.

"புள்ளைக்கு ஒரு காச்சன்னா துன்னூறு பூசிக்கிட்டு வர ஒரு எடம் உண்டா இந்த நகர்ல?" என்று அம்பிகா அடிக்கடி புலம்புவாள். ஒருநாள் குழாயடியில் அவளே கண்டுபிடித்துவிட்டாள்.

"அந்த மனுசன் சும்மாவா செருப்பக் கழட்டுறாரு? இந்தக் காட்டுலயே பொறந்து வளந்தவரு. அங்க என்னமோ இருக்கு."

பஞ்சநாதனையே கேட்டார்கள். வால்வைத் திருகிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "இருக்குதுங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை சாலையோரத்தில் ஒரு கல் நின்றது. மறு வெள்ளி அதற்கு மஞ்சள் பூசி, சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். ஆட்டோக்காரர்கள் அங்கே ஹாரன் அடிப்பதை நிறுத்தினார்கள். "அவங்க கும்பிடுற எடம்டா, செருப்ப கையில எடு" என்று பாய் தன் பேரனை அதட்டியதைச் சிந்து கேட்டிருக்கிறாள். அவளும் தேர்வு நாட்களில் கழற்றினாள். இயற்பியல் படித்தவள் செய்கிற காரியமா இது என்று தன்னையே கேட்டுக்கொள்வாள். கேட்டுக்கொண்டே கழற்றுவாள். அம்மனுக்குத் தடங்காத்தாள் என்று பேர் வந்தது. யார் வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது.

இந்த ஆவணியில் கோயில் கட்டுவதென்று முடிவாயிற்று. முத்துவேல் கொத்தனார் கல்லைப் பெயர்த்து ஓரமாக வைத்துவிட்டு, சாலையோரத்தை உடைத்துக் கடக்கால் தோண்டத் தொடங்கினார். அன்று காலை சிந்து வாசல் தெளிக்கும்போது பஞ்சநாதன் வந்து நின்றார். முகம் வெளிறியிருந்தது.

"பாப்பா, ஒரு ஒதவி. அந்தக் குழியில கருப்பு மண்ணு வந்தா ஒரு பிடி அள்ளி எனக்குத் தாயேன். நான் கேட்டேன்னு சொல்லாத."

"வீட்டுல வச்சுக் கும்பிடப் பிடிமண்ணா தாத்தா? நீங்களே கேட்டா மாலை போட்டுல்ல குடுப்பாங்க. உங்களாலதான அம்மனே வந்துச்சு!"

அவர் சுற்றும்முற்றும் பார்த்தார்.

"அங்க சாமி இல்ல, பாப்பா. எம்புள்ள."

சிந்துவின் கையிலிருந்த வாளி சாய்ந்து சாணித்தண்ணீர் அவள் காலிலேயே கொட்டியது.

ஜெயப்பிரகாஷுக்கு முன்னால் ஒரு பெண் குழந்தை. பல் முளைக்கும் முன்னே காய்ச்சலில் போய்விட்டது. பல் முளைக்காத பிள்ளையை எரிக்க மாட்டார்கள். சொந்தக் காட்டு வரப்பில் புதைத்து, நாய் தோண்டாமலிருக்க முள் வெட்டிப் போடுவார்கள். பெற்றவள் அந்த இடத்துக்குப் போகக் கூடாது. அதனால் பஞ்சநாதன் மனைவி கொளஞ்சியம்மாளுக்கு அந்த இடம் தெரியாது. காலையில் பனைமரத்து நிழல் விழுகிற இடம் என்பது புதைத்தவருக்கு மட்டும்தான் தெரியும்.

"நெலத்த வித்தப்ப அவ ஒண்ணுதான் கேட்டா, பாப்பா. காடு போனாப் போவுது, புள்ளைய வுட்டுட்டு வராத, ஒரு பிடி மண்ணாவது எடுத்தாந்துடுன்னா. அமாவாசைக்குத்தான் பிடிமண்ணு எடுக்கணும்னு நான் காத்துக் கெடந்தேன். அமாவாசைக்கு மொத நாளே கிராவல் லாரி வந்துடுச்சு."

"அப்புறம்?"

"வெறுங்கையோட வூட்டுக்குப் போவ முடியல. ஏரிக்கரையில ஒரு பிடி கருப்பு மண்ண அள்ளி, துண்டுல முடிஞ்சு கொண்டுபோயிக் குடுத்தேன்."

அந்த மண்ணைச் சிந்துவுக்குத் தெரியும். பஞ்சநாதன் வீட்டு வாசலில் செங்கல் அடுக்கிய சின்னப் பாத்தி. கொளஞ்சியம்மாள் அதில் கனகாம்பரம் வைத்து, வெள்ளிதோறும் விளக்கேற்றுவாள். பாத்தியை மிதித்த கோழியை அவள் தெரு முனைவரை விரட்டியதைப் பார்த்து இதே சிந்து விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள்.

"ஏன் தாத்தா, கோயில் கட்டுறோம்னப்பவே சொல்லியிருக்கலாமே?"

"என்னன்னு சொல்ல? உங்கம்மா அங்க மஞ்சத் தண்ணி ஊத்துறா. பொணம் பொதைச்ச எடம்னா அத்தன பேரும் ஒடைஞ்சு போவாங்க. எம்பொண்டாட்டி காதுக்குப் போவாதா? அதோட..." நிறுத்தினார். "நாலு பேரு எம்புள்ளைக்குப் பூ போடுறாங்க. எனக்கு அது நல்லாத்தான் இருந்துச்சு."

சிந்து குழிக்கு ஓடினாள். இடுப்பளவு தோண்டியிருந்தது. எட்டிப் பார்த்தால் பக்கமெல்லாம் சிவப்பு, அடியும் சிவப்பு. கொட்டிய கிராவலையே இன்னும் தாண்டவில்லை.

"அண்ணே, இன்னும் கொஞ்சம் ஆழமாத் தோண்டுங்களேன்."

முத்துவேல் சிரித்தார். "ஏன் பாப்பா, பொதையல் இருக்கா? சின்னக் கோயிலுக்கு இது போதும். பெரிய கோபுரம்னா சொல்லு, பாதாளம் வரைக்கும் போவோம்."

"கருப்பு மண்ணு வர்ற வரைக்கும் அண்ணே. ஒரு அடிதான் இருக்கும்."

"ஏன்டி?" என்று அம்பிகா தட்டோடு வந்து நின்றாள். பின்னால் தெருவே நின்றது. ஏன் என்பதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அது சிந்துவின் நாக்கு வரைக்கும் வந்தது. கூட்டத்தின் கடைசியில் பஞ்சநாதன் சாவியை ஊன்றிக்கொண்டு நின்றார். மெல்லத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று.

"சும்மாதான்மா."

"ராவுகாலம் வரப் போவுது, தள்ளு" என்றாள் அம்பிகா.

ஜல்லி விழுந்தது, அதன்மேல் கான்கிரீட் விழுந்தது. பஞ்சநாதனைக் கூப்பிட்டு முதல் பூவை அவர் கையால் போடச் சொன்னார்கள். போட்டார். பெண்கள் குலவையிட்டார்கள். நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று சிந்து அன்றைக்கு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவருக்காகவா, அம்மாவுக்காகவா, தனக்கே பயமா?

தை மாதம் ஒரு காலையில் நகரில் தண்ணீர் வரவில்லை. திட்டிக்கொண்டே தேடிப் போனவர்கள், வால்வுக் குழியருகே பஞ்சநாதன் சாய்ந்து கிடப்பதைப் பார்த்தார்கள். மூச்சு இல்லை.

அதைவிட அதிர்ச்சி அன்று மதியம் காத்திருந்தது. வெளிநாட்டிலிருந்து மகன் வந்து சேர வழியில்லை என்று, பாடை கட்டி, பறை முழங்க, தூக்கும் நேரம். அம்பிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெரியவர்களிடம் தணிந்த குரலில் சொன்னாள்: "நல்ல மனுசன்தான், இல்லேங்கல. ஆனா அம்மன் முன்னாடி பொணம் போவக் கூடாதுங்க. பின்னால வாய்க்கா மேட்டு வழியா எடுத்துக்கிட்டுப் போவட்டும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். கொளஞ்சியம்மாள்கூட, "ஆமா, சாமி குத்தம் ஆயிடப் போவுது" என்றாள். ஊர்வலம் திரும்பியது. தினமும் செருப்பைக் கழற்றி நடந்தவரை, கடைசி நாளில் அந்த இடத்தின் பக்கமே கொண்டுபோகவில்லை. உண்மையைச் சொல்லிவிடாமலிருக்கச் சிந்து வாயில் துப்பட்டாவை அழுத்திக்கொண்டு நின்றாள். அவள் அழுகிறாள் என்று நினைத்தார்கள்.

கருமாதி முடிந்து கொளஞ்சியம்மாள் மீன்சுருட்டியில் இருக்கும் தம்பி வீட்டுக்குக் கிளம்பினாள். பையோடு வந்து சிந்துவின் கையைப் பிடித்தாள்.

"பாத்திக்கு மட்டும் தண்ணி ஊத்து பாப்பா. நான் வர்ற வரைக்கும் காஞ்சிடக் கூடாது." பிறகு, கேட்காமலே சொன்னாள்: "அவரு எனக்குன்னு ஒரு சீல எடுத்ததில்ல, ஒரு ஊருக்குக் கூட்டிப்போனதில்ல. ஆனா நான் கேட்ட ஒண்ண மட்டும் மறக்காம செஞ்சாரு. எம்புள்ளைய வூட்டுக்குக் கொண்டாந்து சேத்துட்டாரு. அது போதும்."

"சரிங்க ஆயா" என்றாள் சிந்து.

இப்போது தினமும் காலையில் அவள் அந்தப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள். கனகாம்பரம் நன்றாகப் பூக்கிறது. ஏரிக்கரை மண் அல்லவா. திரும்பும்போது பனைமரத்தைத் தாண்டியதும் செருப்பைக் கழற்றுகிறாள். "நல்லா வேண்டிக்க, இந்தத் தடவ வேலை நிச்சயம்" என்கிறார்கள் கோயில் வாசலில் கோலம் போடுகிறவர்கள். அவள் வேண்டிக்கொள்வதில்லை. பஞ்சநாதன் தன் மனைவிக்குத் தர வேண்டிய ஒரு பிடி கருப்பு மண், கோயிலுக்கும் கான்கிரீட்டுக்கும் கிராவலுக்கும் அடியில் அப்படியே கிடக்கிறது.