ஒரு போன் போதும்

எங்கள் பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் நடத்தும் டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் விதிமுறை. பிள்ளைகளைக் குற்றம் சொல்ல மாட்டேன். மாடிப்படியில் தப்பான பக்கம் ஏறினால், தலைமை ஆசிரியரையே கீழே இறக்கி மறுபடி ஏறச் சொல்லும் ஆள் அவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தம்பி குடும்பத்தோடு இருக்கிறார். வீட்டில் டிவி ரிமோட்டுக்குக்கூட முறை வைத்திருப்பதாகத் தம்பி மனைவி ஒருநாள் என்னிடம் அழாத குறையாகச் சொன்னாள். நான் அறிவியல் வாத்தியார். ஆசிரியர் அறையில் அவருக்குப் பக்கத்து நாற்காலி என் தலையில் கட்டப்பட்டது.

பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் குடிமைப் பணி பற்றி ஒரு பாடம் உண்டு. நாலே பக்கம். பரீட்சையில் கேள்வி வராது என்பதால் மற்றவர்கள் வீட்டில் படித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தாண்டிப் போவார்கள். வாழ்நாள் முழுக்க அரசு அலுவலக வாசலில் நிற்கப்போகிற பிள்ளைகளுக்கு அந்த நாலு பக்கத்தைச் சொல்லித்தர நேரமில்லையாம். விதிமுறை மட்டும் அதற்கு இரண்டு வாரம் எடுப்பார். மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு ஒரு பிள்ளையை அலுவலராக உட்கார வைப்பார். மற்றவர்கள் வராந்தாவில் வரிசையாக நின்று விண்ணப்பம் கொடுக்க வேண்டும். எவ்வளவு சாதுவான பிள்ளையாக இருந்தாலும் கொஞ்ச நேரத்தில் முகம் மாறிவிடும். நிமிர்ந்து பார்க்காமலே "நாளைக்கு வா" என்று ஆரம்பித்துவிடும். அங்கேதான் டீச்சர் வகுப்பை நிறுத்துவார்.

"இப்ப ஏன் அப்படிச் சொன்னே? அந்த நாற்காலி சொல்லச் சொல்லுச்சா?"

இந்தப் பாடத்தைக் கேட்டு வளர்ந்து நிஜமாகவே அலுவலரானவன் ஒருவன் இருக்கிறான். எங்கள் வட்டார அலுவலகத்தில் சான்றிதழ்களில் கையெழுத்துப் போடும் பதவி. எந்த வகுப்பிலும் அவன் பேச்சு வந்தால் டீச்சருக்கு முகம் மலர்ந்துவிடும்.

இந்த வருடம் பத்தாவது முடித்த ஒரு பெண்ணுக்குப் பெரிய ஊர்ப் பள்ளியில் இடம் கிடைத்தது, அரசு விடுதியோடு. அவள் அம்மா ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கிறவள். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் விடுதியில் இருப்பிடச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். தவறினால் விடுதி போச்சு, அதோடு படிப்பும் போச்சு. அம்மாவோடு துடைப்பத்தைத் தூக்க வேண்டியதுதான். பெண் எல்லாத் தாள்களையும் சரியாக இணைத்து விண்ணப்பித்திருந்தாள். ஆனால் அலுவலகத்தில் ஒருநாள் கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை, ஒருநாள் சார் மீட்டிங், ஒருநாள் காரணமே இல்லை. தாய் வேலைக்குப் போகாமல் மகளோடு அலைந்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "உங்ககிட்ட படிச்ச பையன்தானே டீச்சர் அங்க உட்கார்ந்திருக்கான். ஒரு போன் போதுமே?" என்றேன்.

"அது சிபாரிசு சார். நான் போன் பண்ணா இவ முன்னால போவா. போன் பண்ண ஆள் இல்லாத இன்னொருத்தி பின்னால போவா."

கொள்கை என்று சொல்லி ஒரு பெண்ணின் படிப்பில் மண்ணைப் போடப் பார்க்கிறீர்களே என்று கத்தினேன். அவரும் விடவில்லை. வெள்ளிக்கிழமை வரை நாங்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அன்று மதியம் அவராகவே வந்து, அலுவலகத்துக்குக் கூட்டிப் போகச் சொன்னார். போன் பண்ண மாட்டாராம், வரிசையில் அந்தப் பெண்ணோடு நிற்பாராம். தலையில் அடித்துக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

நடைபாதையில் ஒரே ஒரு பெஞ்ச், அதுவும் ஒரு கால் இல்லாமல் சுவரோடு சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. வரிசையில் கைத்தடிக்காரர் ஒருவர், இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி, இன்னும் பலர், அவர்களுக்குப் பின்னால் அந்தப் பெண். கவுண்டரில் இருந்த எழுத்தர் செல்போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று கிளம்பினேன். அதற்குள் சாப்பிட்ட கையைக் கழுவ உள்ளேயிருந்து வந்த அலுவலர் டீச்சரைப் பார்த்துவிட்டான். ஈரக் கையோடு ஓடி வந்து மூவரையும் தன் அறைக்குக் கூட்டிப் போனான். நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டான். டீச்சர் உட்காரவில்லை.

பெண்ணின் காகிதம் அவன் மேசைத் தட்டிலேயே இருந்தது. எல்லாம் சரியாக இருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. பேச்சோடு பேச்சாகப் போட்டுக் கொடுத்தான். இதற்காகவா ஒரு தாயும் மகளும் அப்படி அலைந்தார்கள்? அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது.

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே டீச்சர், அன்னைக்கே முடிச்சிருப்பேன்" என்றான். அதைப் பெருமையாகச் சொன்னான், பாவி.

டீச்சர் சான்றிதழைப் பெண்ணிடம் கொடுத்து, உடனே விடுதிக்கு ஓடச் சொன்னார். அவள் வாசலில் திரும்பி, மெல்லச் சொன்னாள்.

"நீங்க முதல்லயே அவர்கிட்ட சொல்லியிருந்தா எங்கம்மா இவ்வளவு அலைஞ்சிருக்க வேணாம் டீச்சர்."

டீச்சருக்கு முகம் செத்துவிட்டது. வெளியே வந்தார். வீட்டுக்குக் கிளம்புவார் என்று நினைத்தேன். நேராகப் போய் வரிசையின் கடைசியில் நின்றார்.

"உங்க வேலைதான் முடிஞ்சிடுச்சே டீச்சர்?" என்று பின்னாலேயே வந்தான் அவன்.

"முடிஞ்சுது. இவங்க யார்கிட்டயும் உன் போன் நம்பர் இல்லை. கடைசி ஆள் வேலை முடியற வரைக்கும் நானும் நிக்கறேன்."

அவன் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் எழுத்தரை எழுந்திருக்கச் சொல்லிவிட்டுத் தானே கவுண்டரில் உட்கார்ந்தான். அன்று யாரையும் நாளைக்கு வரச் சொல்லவில்லை. கைத்தடிக்காரர் போகும்போது, நல்லா இருங்க சார் என்று அவனைத்தான் வாழ்த்திவிட்டுப் போனார்.

வண்டி அருகே வந்ததும், ஜெயித்துவிட்டீர்கள் என்று சொன்னேன். டீச்சர் என்மேல் பாய்ந்தார்.

"எதை ஜெயிச்சேன்? தினமும் நான் வந்து நிக்க முடியுமா? அந்தப் பொண்ணு என்கிட்ட ரெண்டு வாரம் படிச்சா. அவன்கிட்ட ஒரே நிமிஷம். எது அவளுக்கு மறக்காம இருக்கும், சொல்லுங்க சார்."

நான் வண்டியைக் கிளப்பினேன்.