சென்றாயன் வரைந்த மூடிகள்

சென்றாயன் பெரிய கைகாரன் என்று மலைமேல் செம்மேட்டில் எல்லாரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அடுப்பில் வெந்தவள் நான்.

காளப்பநாயக்கன்பட்டியில் பாகு காய்ச்சி, சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக மிட்டாய் செய்து, தகர டப்பாக்களைத் தலையில் சுமந்து மலையேறிச் செம்மேட்டுச் சந்தையில் விற்றவள் இந்தப் பொன்னம்மாள். மலைப் பனிக்கு மிட்டாய் கசிந்து ஒட்டிக்கொள்ளும், டப்பாவைத் திறந்து வைக்க முடியாது. மூடி வைத்தால் யார் வாங்குவார்கள்? என் புருஷன் மாதேஸ்வரனுக்கு ஒரு யோசனை உதித்தது. கோயில் குதிரைகளுக்கு வண்ணம் பூசும் சென்றாயனை அழைத்து, உள்ளே இருக்கும் மிட்டாயை மூடிமேல் வரையச் சொன்னார்.

அந்த ஆள் ஒரு பகல் முழுக்க என் மிட்டாயை உற்றுப் பார்த்தான். ஒன்றைக்கூடத் தின்னவில்லை. பிறகு உள்ளங்கை அகல மூடி ஒவ்வொன்றிலும் மூன்றே மிட்டாய் வரைந்தான். சந்தையே வந்து மொய்த்துக்கொண்டது.

"ஏனுங்க, நெசத்த விட இது நல்லா இருக்குதுங்க" என்றாள் மிளகு விற்க வந்த கண்ணாயி. என் மிட்டாயைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டுதான் சொன்னாள்.

உலகச் சண்டைக் காலத்தில் சர்க்கரை கிடைக்காமல் என் அடுப்பு அணைந்தது. மூடிகளை மட்டும் செம்மேட்டில் சந்தையோரக் கடையொன்றின் சுவரில் மாட்டி வைத்தார்கள். சனம் நின்று பார்த்துவிட்டுப் போனது. பொன்னம்மா எங்கே என்று ஒரு நாதியும் கேட்கவில்லை.

சண்டை ஓய்ந்து, சர்க்கரை வந்து, நான் மறுபடி மலையேறிய அன்று என் இடத்தில் பேளுக்குறிச்சி செல்லமுத்து கடை விரித்திருந்தான். அவன் மிட்டாய் வழவழவென்று மின்னியது. இனி நம் பிழைப்பு முடிந்தது என்று டப்பாவை இறக்காமலே நின்றேன்.

கண்ணாயி அவனிடம் ஒரு மிட்டாயை வாங்கி, சுவரில் தொங்கிய மூடியோடு வைத்துப் பார்த்தாள்.

"இது பொன்னம்மா மிட்டாய் இல்லீங்க. கோடு எங்கீங்க?"

என்ன கோடு? மூடியருகே போனேன். வரைந்த மிட்டாய் ஒவ்வொன்றிலும் சாய்வாக ஒரு மெல்லிய கோடு. சூட்டோடு சூடாக மிட்டாயைக் கட்டைவிரலால் அழுத்துவது என் வழக்கம். விரலில் பழைய தழும்பு ஒன்று உண்டு. அது மிட்டாயில் பதியும் என்று அதுவரை எனக்கே தெரியாது.

சனம் என் மிட்டாயில் அந்தக் கோட்டைத் தேடிப் பார்த்து வாங்கியது. உச்சிப் பொழுதுக்குள் என் டப்பாக்கள் காலி. சென்றாயன் எதிரில்தான் நின்றான். அவனுக்கு நல்ல வார்த்தை ஒன்று சொல்லியிருக்கலாம், காலி டப்பாக்களைத் தலையில் ஏற்றிக்கொண்டு மலையிறங்கிவிட்டேன். என் விரலை எனக்குக் காட்ட அவன் வரவேண்டியிருந்ததே, அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை.