பேரிங் சத்தம் கேட்ட இன்டர்வியூ

காபி கடை வேலைக்காக நான் ஏறி இறங்கிய நான்காவது இடம், திருவிடந்தை பக்கம் ஈசிஆரில் இருந்த ஒரு ரோஸ்டரி. பச்சைக் காபிக்கொட்டையை வறுத்து சென்னைக் கடைகளுக்கு அனுப்புவார்கள். முன்பக்கம் சின்னதாக ஒரு கஃபே. முந்தைய மூன்று கடைகளிலும் ஒரே கேள்விதான்: “இங்கிலீஷ் பேசுவீங்களா?” ஆர்டர் எடுக்கும் அளவுக்குப் பேசுவேன் என்றேன். சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள். யாரும் அனுப்பவில்லை.

அதற்கு முன் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் நான்கு வருடம் கான்ட்ராக்டில் இருந்தேன். எங்கள் உற்பத்தி லைனை மூடியதும் எல்லாரையும் அனுப்பிவிட்டார்கள். காபிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று பயோடேட்டாவில் அதை எழுதவே இல்லை.

ரோஸ்டரி முதலாளி ஐடி வேலையை விட்டு வந்தவர். தன்மையாகப் பேசினார். “திங்கட்கிழமை வர முடியுமா?” என்று கேட்கும் கட்டத்துக்கே வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் வறுக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. டிரம் சுற்றச் சுற்ற, விட்டுவிட்டு ஓர் உரசல். கம்பெனியில் தினமும் கேட்ட சத்தம். சும்மா இருந்திருக்கலாம்.

“சார், தப்பா நெனைக்காதீங்க. மெஷின்ல பேரிங் போய்கினு கீது.”

மெஷின் ஓட்டும் பாஸ்கர் அண்ணன் திரும்பினார். “இன்னாம்மா, காபி போட வந்தியா, என் மெஷின கொற சொல்ல வந்தியா? அது கொட்ட உருள்ற சத்தம்.”

“கொட்ட சத்தம் இப்படி விட்டுவிட்டு வராதுண்ணா.”

முதலாளி முகம் மாறியது. “சரிங்க, சொல்லி அனுப்புறோம்.”

பஸ் ஸ்டாப்பில் நின்று என்னையே திட்டிக்கொண்டேன். வீட்டில் கேட்டபோது, இங்கிலீஷ்தான் காரணம் என்று சொல்லிவிட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் போன். பாஸ்கர் அண்ணன்தான்.

“டிரம் நின்னுபூச்சும்மா. உள்ள இருந்த கொட்ட மொத்தம் கருகிடுச்சு. பேரிங்தான். முன்னாடி இன்னா வேல பாத்த நீ?”

சொன்னேன்.

“அத ஏன் பேப்பர்ல எழுதல? சார் கேக்கச் சொல்றாரு.”

“காபிக்கும் அதுக்கும் இன்னா சம்மந்தம்னு வுட்டுட்டேண்ணா.”

“சரி, வுடு. கஃபேக்கு வேற ஆள் போட்டாச்சு. நாளிக்கு வந்து எங்கூட மெஷின்ல நில்லு.”

நின்றேன். சத்தத்தை வைத்து மெஷினைப் புரிந்துகொண்ட எனக்கு, வாசனையை வைத்துக் கொட்டையின் பதம் பிடிபட ஒரு வருடம் ஆனது. அதுவரை பாஸ்கர் அண்ணன் என்னைத் தனியாக வறுக்க விடவில்லை.

இப்போது அங்கே வேலை கேட்டு வருகிறவர்களின் பயோடேட்டாவை நான்தான் பார்க்கிறேன். பாதிப் பேர் வெற்றுக் காகிதம் மாதிரிதான் கொண்டுவருகிறார்கள். பேச்சுக் கொடுத்தால், ஒருத்தி மீன் கம்பெனியில் தரம் பிரித்தவள். ஒருவர் ஆஸ்பத்திரியில் ஸ்டோர் பார்த்தவர். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பார்த்த வேலை எல்லாவற்றையும் எழுதுங்கள். அது தேவையா இல்லையா என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.