ஏழு கேப்டன்களும் ஒரு மதிற்சுவரும்

அந்த வீட்டுத் தரகருக்கு அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையோடு சரி. ஊருக்கு அவர் 'நல்ல இடம்'. எந்த வீட்டுக் கதவைத் திறந்தாலும் அவர் வாயில் முதலில் வருவது அதுதான். பகலிலேயே விளக்குப் போட வேண்டிய வீடா? "நல்ல இடம் சார், வெயிலே தெரியாது." ரயில் போனால் அலமாரியில் பாத்திரம் ஆடுகிற வீடா? "நல்ல இடம் சார், ஸ்டேஷன் கூப்பிடு தூரம்." ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். அவர் அந்தக் கணக்கில் பாதி ஊரையே குடிவைத்துவிட்டார்.

ஒரு ஜெராக்ஸ் கடையின் முன்பக்கத்து மூலைதான் அவர் ஆபீஸ். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஆணி அடித்த பலகை. ஆணிக்கு ஆணி சாவி தொங்கும், ஒவ்வொன்றிலும் ஒரு அட்டைத் துண்டு. சாவி தொலைந்தாலும் தொலையும், அவர் பேச்சு மட்டும் தொலையாது. கெட்ட மனுஷன் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஒழுகுகிற கூரையை ஒழுகாது என்று ஒருநாளும் சொன்னதில்லை. "மழை பெஞ்சா மட்டும்தான் சார்" என்பார்.

வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் தண்ணீர் வருமா என்று கேட்பார்கள். அடுத்த கேள்வி, "பக்கத்துல ஹைஸ்கூல் எப்படி?" அந்த ஊரில் ஹைஸ்கூல் இரண்டு. சரிவின் மேலே ஒன்று, கீழே ஒன்று. மேட்டுப் பள்ளிக்கூடம், பள்ளத்துப் பள்ளிக்கூடம் என்றே பேர். எந்தப் பக்கம் வீடோ அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில்தான் இடம். ஆகவே வாடகை மேட்டில் ஏறும், பள்ளத்தில் இறங்கும். மேட்டுப் பள்ளிக்கூடம் ஒசத்தி, பள்ளத்துப் பள்ளிக்கூடம் மட்டம். ஏன் என்று கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். கேட்டவரைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

இப்படிப்பட்ட மனுஷனுக்கே ஒருநாள் வீடு காலி பண்ணச் சொல்லி ஆள் வந்தது. வெளியூரிலிருந்து மகன் குடும்பத்தோடு திரும்பி வருகிறான் என்று வீட்டுக்காரர் கையைப் பிசைந்தார். ஊருக்கெல்லாம் வீடு பார்த்துக் கொடுத்தவர், அன்றைக்குத்தான் தனக்கென்று சாவிப் பலகையை நிமிர்ந்து பார்த்தார். அவருக்குப் பொருந்துகிற மாதிரி இரண்டே வீடு. மேட்டில் ஒன்று: இரண்டு அறை, ஒரு ஜன்னல், அந்த ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். பள்ளத்தில் ஒன்று: மூன்று அறை, நல்ல காற்று, பின்பக்கம் துணி காயப்போட இடம், ஒரு கொய்யா மரம்கூட இருந்தது.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றாள் மனைவி. அவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். டாக்டர் கிறுக்கலையே படிக்கிறவளுக்குப் புருஷன் முகம் எம்மாத்திரம். "பொண்ணு ஒம்பதாவது போறா. அதானே உங்க கவலை?"

அதேதான். ஒரே மகள். அப்பன் வாயில் பாதி வந்திருந்தாலும் போதும், ஒரு சொட்டு வரவில்லை. பேசவே மாட்டாள். கேட்டால் தலையாட்டுவாள், ரொம்பக் கேட்டால் எழுந்து போய்விடுவாள். ஆனால் கை சும்மா இருக்காது. வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பிரித்துப் போட்டு, மூன்று திருகாணி மிச்சம் வைத்து மூடிவிட்டாள். கடிகாரம் முன்னைவிட நன்றாக ஓடியது. எட்டாவது வரை படித்த நடுநிலைப் பள்ளிக்கூடத்திலோ, "மந்தம். பாஸானா பெரிய விஷயம்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். அன்று இரவு அவர் சாப்பாட்டுத் தட்டைத் தொடவில்லை. இனி வரும் நாலு வருஷமும் தப்பான இடத்தில் போய் விழுந்தால் பிள்ளை வாயையே மூடிவிடுவாள் என்ற பயம் அவரைப் பிடித்துக்கொண்டது.

"நான் விசாரிக்கிறேன்" என்றார்.

"நெசமா விசாரிங்க. வீடு காட்டுற மாதிரி விசாரிக்காதீங்க" என்றாள் மனைவி. இரண்டு வீட்டுக்காரர்களும் ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தார்கள்.

முதலில் சவரக் கடைக்குப் போனார். ஊரில் ஒரு விஷயம் பிறப்பதும் வளர்வதும் அங்கேதான்.

"பள்ளத்துப் பள்ளிக்கூடமா? வேணாம்ணே" என்றான் சவரக்காரன், கத்தரிக்கோலை நிறுத்தாமலே. "பசங்க மதில் ஏறிக் குதிச்சு ஓடுறானுங்களாம். ஒருத்தன் ரெண்டு பேர் இல்ல, வகுப்பே காலியாம்."

"நீ பாத்தியா?"

"என் மச்சான் சொன்னான்."

மச்சான் மளிகைக் கடையில் இருந்தான். அவனுக்குச் சொன்னது அவன் வீட்டு மாடியில் குடியிருக்கும் பாங்க் ஊழியர். நல்ல இடம் விடவில்லை, மாடிப்படி ஏறினார். கதவைத் திறந்த பாங்க் ஊழியருக்கு அவரைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்.

"என்ன சார், மறந்துட்டீங்களா? இந்த வீட்டைக் காட்டும்போது நீங்கதானே சொன்னீங்க! பள்ளத்துப் பக்கம் போகாதீங்க, பசங்க சுவர் ஏறிக் குதிக்கிறானுங்கன்னு. உங்க புண்ணியத்துல தப்பிச்சோம் சார்!"

நல்ல இடம் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பினார். படியில் இறங்கும்போது மெல்ல ஞாபகம் வந்தது. ரொம்ப வருஷத்துக்கு முன்னால், கையில் மேட்டுப் பக்கத்து வீடுகளே நிறைய இருந்த காலம். ஒரு சாயங்காலம் ஸ்கூட்டரில் போகும்போது பள்ளத்துப் பள்ளிக்கூடத்து மதில்மேல் ஒரு பையனைப் பார்த்தார். ஒரு கால் இந்தப் பக்கம், ஒரு கால் அந்தப் பக்கம். அவ்வளவுதான் பார்த்தார். ஸ்கூட்டர் போய்விட்டது. மறுநாள் வீடு பார்க்க வந்தவரிடம், போகிற போக்கில் அதை எடுத்து விட்டார். கறுப்பாக வாந்தி எடுத்தான் என்றால் காக்கா காக்காவாக வாந்தி எடுத்தான் என்று சொல்கிற ஊர். ஒரு பையன் ஒரு வகுப்பாகிவிட்டான்.

சனிக்கிழமை காலையில் மூன்று பேருமாக மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். வாசலிலேயே அவருக்குக் கால் தயங்கியது. மதிலில் பெரிதாக ஒரு கப்பல் வரைந்திருந்தார்கள். நீலக் கடல், வெள்ளைக் கப்பல், மேல்தளத்தில் தொப்பி போட்ட ஒருவர். கடலைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் அந்த ஊரிலிருந்து ஒரு நாள் ரயிலில் போக வேண்டும்.

"இது எதுக்குங்க கப்பல்?" என்றாள் மனைவி.

வாசலுக்கு வந்த ஆபீஸ் கிளார்க் பெருமையாகச் சிரித்தார். "எங்க ஸ்கூல்ல படிச்சவங்க ஏழு பேர் கப்பல்ல கேப்டனா இருக்காங்கம்மா. அதுக்காகத்தான் வரைஞ்சோம்."

மகள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, அதிசயமாக, வாயைத் திறந்தாள். "அவங்க பேரென்ன?"

கிளார்க் யோசித்தார். வானத்தைப் பார்த்தார். கடைசியில் நல்ல இடத்தைப் பார்த்து முகம் மலர்ந்தார். "அதெல்லாம் நம்ம சாரைக் கேளும்மா. இந்த ஊர்லயே அவருக்குத்தான் அது நல்லாத் தெரியும்!"

மகள் அப்பாவைப் பார்த்தாள். மனைவியும் பார்த்தாள். எப்போதோ ஓர் இருட்டு வீட்டைத் தள்ளிவிட, "இந்தத் தெருப் பையன் ஒருத்தன் இன்னிக்குக் கப்பல்ல கேப்டன் சார்" என்று அவர் விட்ட ஒரே ஒரு கேப்டன், குட்டி போட்டு ஏழாகி, சுவரிலும் ஏறி நிற்கிறான். அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. அந்தக் கப்பலைப் பார்த்த நொடியில், ஒருவேளை நிஜமாகவே யாராவது கேப்டனாகியிருப்பானோ என்று அவருக்கே ஒரு சபலம் தட்டியது.

தெருவுக்கு வந்ததும் மனைவி மதிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "ஊர்ல யாரைக் கேட்டாலும் உங்க வாய்தான் திரும்பி வருது! யாரைப் போய் விசாரிப்பீங்க?"

"மேட்டு வீட்டையே எடுத்துடலாமா?" என்றார் அவர் பரிதாபமாக. "இல்ல, பள்ளத்து வீடா?" மதில்மேல் பூனை எந்தப் பக்கம் குதிக்கும் என்று பூனைக்கே தெரியாது என்பார்கள். அன்றைக்கு அவர் நிலைமை அதுதான்.

"காதை மூடிட்டுக் கண்ணைத் திறங்க. இன்னிக்கு அங்கயும் அரைநாள் ஸ்கூல் உண்டு. சாயங்காலம், நீங்க அந்தப் பையனைப் பாத்தேன்னு சொன்ன நேரத்துக்கு, இவளைக் கூட்டிட்டுப் போய் அந்தச் சுவர்கிட்ட நில்லுங்க. வாயை மட்டும் திறக்காதீங்க." சொல்லிவிட்டு அவள் மருந்துக்கடைக்குப் போனாள்.

சாயங்காலம் அப்பாவும் மகளும் பள்ளத்துப் பள்ளிக்கூடத்து மதிலோரம் நின்றார்கள். கேட்டில் பெரிய பூட்டு. உள்ளே சத்தமே இல்லை. சரி, காலிப் பள்ளிக்கூடம், பார்க்க ஒன்றுமில்லை என்று அவர் கிளம்பப் போனபோது, தெருமுனையில் நாலு பையன்கள் வந்தார்கள். ஒருவன் கையில் உடைந்த மேசை விசிறி. அதை மதிலுக்கு மேலே தூக்கி யாரிடமோ கொடுத்துவிட்டு, அவன் ஏறினான். ஒரு கால் இந்தப் பக்கம், ஒரு கால் அந்தப் பக்கம். நல்ல இடம் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்.

பையன் உள்ளே குதித்தான்.

அடுத்தவனும் உள்ளே. அதற்கடுத்தவனும் உள்ளே. அத்தனை வருஷமாக ஊரே தலைகீழாகச் சொல்லிக்கொண்டிருந்தது! வாயில் ஈ போவது தெரியாமல் அவர் நின்றபோது, பக்கத்தில் மகளைக் காணோம். நிமிர்ந்து பார்த்தால் அவளும் மதில்மேல். "ஏய், இறங்கு!" என்றார். அவளும் இறங்கினாள். உள்பக்கமாக இறங்கினாள்.

கேட்டோ பூட்டியிருக்கிறது, பிள்ளையோ உள்ளே. என்ன செய்வார் பாவம்? ஸ்கூட்டரை மதிலோரம் சாய்த்து, சீட்டில் ஏறி, தொந்தியை இழுத்துப் பிடித்துக்கொண்டு மேலே போய்விட்டார். போனவருக்கு இறங்கத் தெரியவில்லை. ஒரு கால் இந்தப் பக்கம், ஒரு கால் அந்தப் பக்கமாக, சாவிக்கொத்து இடுப்பில் கலகலக்க உட்கார்ந்திருந்தார். அந்த வழியாக ஒரு தரகர் ஸ்கூட்டரில் போயிருந்தால் என்ன கதை கட்டியிருப்பார் என்று நினைத்ததும் உடம்பெல்லாம் கூசியது.

"அசையாதீங்க சார், ஏணி வருது!" என்று கீழேயிருந்து ஒரு குரல். நரைத்த தலையும் கையெல்லாம் மசகுமாக ஒரு டீச்சர் ஏணியை இழுத்து வந்தார். "ஸ்கூல் விட்டதும் வாட்ச்மேன் பூட்டிட்டு வீட்டுக்குப் போயிடுவார். பிள்ளைங்க சாப்பிட்டுட்டுத் திரும்ப வருவாங்க. வர்றதுக்கு மதில், போறதுக்கு ஏணி. பல வருஷமா இப்படித்தான் ஓடுது."

மைதானத்து மூலையில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே பழைய விசிறிகள், மிக்ஸிகள், ஒரு வாஷிங் மெஷினின் வயிறு. தெருவில் யார் வீட்டில் எது நின்றுபோனாலும் இங்கே வருமாம். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஸ்கூல் எப்படி டீச்சர்?" என்றார் நல்ல இடம், வழக்கமாகத் தன்னிடம் மற்றவர்கள் கேட்கும் கேள்வியை.

"சுமார்தான் சார். இங்கிலீஷுக்கு ஆள் பத்தல. கணக்குல போன வருஷம் நாலஞ்சு பேர் ஃபெயிலாயிட்டாங்க. இந்தக் கொட்டகை நல்லா இருக்கும்."

நல்ல இடம் அசந்துபோனார். தன் சரக்கைச் 'சுமார்' என்று சொல்கிற ஒருவரை அவர் தொழிலுக்கு வந்த நாளாகப் பார்த்ததில்லை.

அப்போதுதான் அந்தக் குரல் காதில் விழுந்தது. "இல்ல, இல்ல, அந்தச் சுருள் எரியல. கீழே தண்டு சுத்துற வளையம், அந்த புஷ்தான் இறுகிடுச்சு. இங்க தொட்டுப் பாரு. எங்க வீட்டுக் கடிகாரத்துல இதே மாதிரிதான் இருந்துச்சு, எண்ணெய் விட்டா சரியாயிடும், நான் வேணா..." நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது அந்தப் பேச்சு. மூன்று பையன்கள் வாய் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"உங்க பொண்ணா சார்?" என்றார் டீச்சர். "அப்பா மாதிரியே நல்லாப் பேசுது."

பேசாத பிள்ளை என்று ஊருக்கெல்லாம் நாம்தானே சொல்லி வைத்திருந்தோம் என்று நல்ல இடம் நினைத்தார். திரும்பி நின்று, கைக்குட்டையால் மூக்கைச் சிந்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளத்து வீட்டுச் சாவி பலகையிலிருந்து இறங்கியது.

சில மாதம் கழித்து ஒருநாள், அவர் முகமெல்லாம் சோப்பு நுரையோடு சவரக் கடையில் சாய்ந்திருந்தார். "அண்ணே, சேதி தெரியுமா?" என்றான் சவரக்காரன். "பள்ளத்துப் பள்ளிக்கூடத்துல இப்ப பொம்பளப் பிள்ளைங்களும் மதில் ஏறிக் குதிக்குதாம்!"

"ஆமா தம்பி. அது என் பொண்ணுதான்."

கத்தி அந்தரத்தில் நின்றது.

"உள்ள குதிச்சா" என்றார் நல்ல இடம். அதற்கு மேல் ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை. அந்தக் கடையில் அவர் சேர்க்காமல் விட்ட முதல் சேதி அதுதான்.

அடுத்த வாரம் வீடு தேடி ஒரு தம்பதி ஜெராக்ஸ் கடைக்கு வந்தார்கள். தண்ணீர் பற்றிக்கூடக் கேட்கவில்லை. "பள்ளத்துப் பக்கம் ஏதாவது வீடு இருக்குமா சார்? அங்க ஏழு பொண்ணுங்க தினமும் சுவர் ஏறி உள்ள குதிக்குதாமே! அப்படி என்ன சார் இருக்கு அந்த ஸ்கூல்ல?"

ஏழு! அவருக்கு நாக்கு நமநமத்தது. ஒரு கப்பலே வாய்வரை வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

"ஸ்கூல் சுமார்தான் சார்" என்றார். "வாங்க, சுவரைக் காட்டுறேன். எந்தப் பக்கம் குதிக்கிறாங்கன்னு நீங்களே பாருங்க."