விழுந்தவர்களுக்குப் பெயர் சொன்னவர்

தவமணி அன்ரி காலமான செய்தி வியாழக்கிழமை காலை, வேலைக்குப் போகும் பஸ்ஸில் இருந்தபோது போனில் வந்தது. சொன்னவர் எங்கள் திரைப்பட வட்டத்தின் தலைவர். அஞ்சலிக் கூட்டத்துக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார். "அந்தப் பிரச்சினையை விட்டிட்டு நல்லதுகளை மட்டும் எழுதும் பிள்ளை." அதை விட்டால் அன்ரி இல்லை. ஆகவே அதைத்தான் எழுதுகிறேன்.

ஊரைவிட்டு வந்து நாங்கள் குடியிருக்கும் டோர்செட் பார்க்கில், எங்கள் கட்டடத்துப் பார்ட்டி ரூமில் சனிக்கிழமைகளில் பழைய ஆங்கிலப் படங்கள் போடுவோம். புரொஜெக்டர் என் பொறுப்பு. மைக்கில் கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டு போவது அன்ரி. அவருக்குப் பிடித்தது ஒரு அமெரிக்கக் குதிரைப்படைப் படம். எல்லைக் கோட்டையில் ஒரு கர்னல். அவருடைய படையிலேயே சிப்பாயாக வந்து சேரும் மகன். அவனைத் திருப்பிக் கூட்டிப்போக வரும், பல வருடம் பிரிந்திருந்த மனைவி. "இவ்வளவு காலத்துக்குப் பிறகு வந்திருக்கிறாள், சாப்பிட்டனியோ எண்டு கேக்கிறானோ பாருங்கோ! மீசையைத் தடவுறான்" என்பார் அன்ரி. எல்லோரும் சிரிப்போம்.

சண்டைக் காட்சியில் பூர்வகுடி வீரர்கள் குதிரையிலிருந்து விழுந்துகொண்டே இருப்பார்கள். ஒருவருக்கும் பெயர் இல்லை. ஒருநாள், முதலில் விழுந்தவரைப் பார்த்து அன்ரி "கண்ணன்" என்றார். அடுத்தவரை "யோகன்" என்றார்.

இருட்டில் ஒருவர் கேட்டார்: "எந்த யோகன்?"

"ஊரில எங்கட ஒழுங்கை யோகன். சண்டையில ஷெல் விழுந்து போனவன்" என்றார் அன்ரி.

அடுத்தவர் விழுந்தபோது இருட்டில் இன்னொரு குரல்: "வதனி. என்ர தங்கச்சி."

அதன்பின் பெயர் இல்லாமல் யாரும் விழவில்லை.

படம் முடிந்ததும் தலைவர் அன்ரியிடம் வந்தார். "தங்கச்சி, உது அரசியல். அந்தச் சனத்துக்கு எங்கட பெயரை வைக்க நீர் ஆர்?"

"அவையின்ர பெயர் தெரியாது அண்ணை. படம் எடுத்தவையும் சொல்லேல்லை. தெரிஞ்ச பெயரைக் குடுத்தன்."

"படத்தில இருக்கிறதை மட்டும் சொல்லும். இல்லாட்டி மைக்கை வேற ஆளிட்டக் குடுப்பம்."

அன்ரி மைக்கை அவர் கையில் வைத்தார். "பிடியுங்கோ. மைக் உங்கட. தொண்டை என்ர."

எல்லோரும் கேட்டதால் அடுத்த சனிக்கிழமையும் அதே படத்தைப் போட்டோம். மைக்கில் தலைவர், கடைசி வரிசையில் அன்ரி. சண்டை தொடங்கியதும் அன்ரி மைக் இல்லாமலே பெயர்களைச் சொல்லத் தொடங்கினார்; முன்வரிசைக் கதிரைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் அவர் பக்கம் இழுபடும் சத்தம் கேட்டது. தலைவர் பாதியில் பேச்சை நிறுத்திவிட்டார். அன்ரி நிறுத்தவில்லை. அவர் அந்த மைக்கை மறுபடி தொடவுமில்லை.

எல்லோருடனும் இசைந்து போனவர் என்று அவரைப் பற்றி யாரும் அஞ்சலிக் கூட்டத்தில் பேச வேண்டாம். அவர் இசையவில்லை. நான் அறிந்த நல்லது அதுதான்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, யாராவது விழும்போது வாயை மூடிக்கொண்டிருக்க முடியாத அந்தக் குணம். இந்தச் சனிக்கிழமை புரொஜெக்டரை வேறொருவர் பார்ப்பார். நான் கடைசி வரிசையில் இருந்து பெயர்களைச் சொல்வேன். என் குரல் சின்னது. பிடிக்காதவர்கள் படத்தின் சத்தத்தைக் கூட்டிக்கொள்ளட்டும்.