மெழுகுவர்த்தி ஏற்றினால் எழும்பும் மெஷின்

எழுபதுகளின் கடைசியில், தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தொழிற்சாலையில் நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். பெயர்தான் பெரிது. மெஷின் இரண்டு பீரோ அகலம் இருக்கும். ஊரே வேர்த்துக் கொட்டும்போது ஏ.சி. அறையில் அதுவும் நானும் சுகமாக இருந்தோம். டைப்பிங் செக்‌ஷனில் மூன்று வருஷம் வெந்தவள் நான். அந்த நாற்காலியை யார் கேட்டாலும் விடுவதாக இல்லை.

ஒரு சனிக்கிழமை, உப்புக்காற்றில் கெட்டுப்போன ஒரு பாகத்தை மாற்றிவிட்டு, எங்கள் ஆபீசர் ஆபரேட்டிங் சிஸ்டத்தை முழுக்க மறுபடி ஏற்றினார். மெட்ராஸில் பயிற்சி எடுத்தவர். சாமி, பூதம் எதையும் நம்பாதவர். மதியத்துக்குள் மெஷின் ஓடிவிட்டது. இனி தினமும் காலையில் ஓட்டை குத்திய காகித டேப் ஒன்றைக் கொடுத்து அதை எழுப்ப வேண்டும். டேப்பைச் சுருட்டி வைப்பது என் வேலை. ஊருக்குப் போகும் நாசரேத் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் அதை அட்டெண்டர் அண்ணாச்சி தலையில் கட்டிவிட்டு ஓடிவிட்டேன்.

திங்கட்கிழமை மெஷின் எழும்பவில்லை. டேப் சரசரவென்று உள்ளே ஓடும், சிவப்பு விளக்கு எரியும், அவ்வளவுதான். ஆபீசர் சுவிட்சுகளைத் தட்டினார், தூசியை ஊதினார், முதலிலிருந்து ஆரம்பித்தார். கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"நாளைக்குக் காலைல பம்பாய் இன்ஜினியர் வர்றார். அதுக்குள்ள இது ஓடலேன்னா, நீதான் கெடுத்தேன்னு எழுதிடுவேன். பழையபடி டைப் அடிக்கப் போகலாம்."

ஒவ்வொரு தடவையும் அண்ணாச்சிதான் டேப்பைச் சுருட்டிக் கொடுத்தார். ஆபீசர் அந்தச் சில்லறை வேலையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஆறாவது தடவைதான் அண்ணாச்சியின் கையைக் கவனித்தேன். நான் சிவப்புப் பென்சிலால் அடையாளம் போட்டிருந்த ஆரம்ப நுனியை உள்ளே வைத்து, அதன்மேல் மீதி டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தார். மெஷின் பாவம், இவ்வளவு நேரமும் வாலிலிருந்து படித்துக்கொண்டிருந்திருக்கிறது.

"என்ன அண்ணாச்சி இது?" என்று காதோரம் கேட்டேன்.

"ஏளா, கொழும்புத் தோணில இருவது வருசம் கயிறு சுத்துனவன் நான். அடையாளம் போட்ட நுனி கட்டுற நுனில்லா? அது அடியிலதான் கெடக்கணும்."

உண்மையைச் சொன்னால் அண்ணாச்சியும் மாட்டுவார், சனிக்கிழமை நான் வேலையை விட்டுவிட்டு ஓடியதும் தெரிந்துவிடும். ஆபீசர் ஒரு அரைமணி நேரம் வெளியே போனால் போதும்.

"சார், மாதா கோயிலுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்திருக்கேன். உங்க கையால ஏத்தினா நல்லது."

நாசரேத்தில் எங்கள் புராட்டஸ்டண்ட் சபையில் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றும் வழக்கமே கிடையாது. அது ஆபீசருக்குத் தெரியாது. தெரிந்த அண்ணாச்சி, முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல், "தோணி எறக்க முந்தி நாங்களும் ஏத்தாமப் போமாட்டோம் சார்" என்றார். ஆபீசர் எங்கள் இருவரையும் மூடர்கள் என்று திட்டினார். மெஷினைப் பார்த்தார். ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

அவர் திரும்பி வருவதற்குள் டேப்பைத் திருப்பிச் சுற்றி வைத்துவிட்டேன். அவர் சுவிட்சைத் தட்டியதும் மெஷின் சமர்த்தாக எழுந்தது. மனிதர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. நாற்காலி தப்பியதில் சந்தோஷம் அதைவிடக் கூடுதலாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவர் மாதா கோயிலுக்குப் போய்விட்டுத்தான் ஆபீஸ் வந்தார். மாற்றலாகிப் போகும்போது, புது ஆபீசருக்காக மெஷினை எழுப்பும் முறையை எழுதி, டைப் அடிக்கச் சொல்லி என்னிடமே கொடுத்தார். முதல் வரி மெழுகுவர்த்தி. டைப் அடிக்கும்போது இரண்டாவது வரியை நானாகச் சேர்த்தேன்: டேப்பின் சிவப்பு நுனி வெளியே இருக்கிறதா என்று பார்க்கவும்.