பத்துக்கு அடுத்தது நூறு

எஸ்டேட் ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் வந்த அதே மாதம்தான் ஃபேக்டரியில் தேயிலை உலர்த்தும் டிரையர் நின்றது. டிரையரை ரிப்பேர் செய்ய வழியில்லை என்று சொன்ன ஹெட் ஆபீஸ், கம்ப்யூட்டரை மட்டும் ஜீப்பில் பத்திரமாக அனுப்பி வைத்தது. இது என்ன நியாயம் என்று நான் கேட்கவில்லை. கேட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை என்ற இடத்துக்கு அப்போதே வந்து சேர்ந்திருந்தேன்.

தேயிலை விலை விழுந்து கிடந்த வருடங்கள் அவை. எங்கள் ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள் ஓடியது. எதிர் மலையில் ஒருவர் கவாத்து செய்யாமலே தோட்டத்தை விட்டுவிட்டுப் போக, தேயிலைச் செடி ஆளுயரம் தாண்டி மரமாகவே நின்றது. கேத்திப் பக்கம் கேரட் போட்டவன் பிழைத்தான் என்று பஸ்ஸில் தினமும் யாராவது ஒருவர் சொல்லுவார். நான் குன்னூரில் குடியிருந்து அந்த பஸ்ஸில் வந்து போகிற கிளார்க். காலையில் ஏறும்போதே களைப்பாக இருக்கும். சாயங்காலம் நாலரை பஸ்ஸை விட்டால் அடுத்தது ஏழு மணிக்கு. அதனால் மூன்றரைக்கு மேல் எனக்குக் கண் வேலையில் இருக்காது, கடிகாரத்தில்தான் இருக்கும். இதை இப்போது ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. அப்போது வெட்கப்பட்டிருக்கலாம்.

கம்ப்யூட்டரில் எனக்குக் கொடுத்த வேலை ஒன்றுதான். தொழிலாளர்களின் சர்வீஸ் தாள்களை எல்லாம் ஸ்கேன் செய்து உள்ளே ஏற்ற வேண்டும். ஆளுக்கு ஒரு தாள். யார், எந்தத் தோட்டத்திலிருந்து வந்தவர், எப்போது வேலைக்குச் சேர்ந்தார் என்ற விவரத்தோடு மூலையில் ஒரு போட்டோ. இரும்பு அலமாரியில் வருடக்கணக்காக ஈரம் குடித்து, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. பிரித்தால் முகம் ஒரு தாளிலும் பெயர் ஒரு தாளிலுமாகக் கிழிந்து வந்தது.

ஸ்கேன் செய்த தாள்களைப் பார்க்கக் கம்ப்யூட்டரிலேயே ஒரு வசதி இருந்தது. வெளியிலிருந்து வாங்கிப் போட வேண்டியதில்லை, மெஷினோடு கூடவே வந்தது. ஒரு மஞ்சள் உறையின் படம் இருக்கும். அதை இரண்டு தட்டு தட்டினால் ஜன்னல் மாதிரி ஒன்று விரியும், உள்ளே தாள்கள் வரிசையாக நிற்கும். ஒன்றைத் தட்டினால் அந்தத் தாள் பெரிதாகத் திறக்கும். தலைகீழாக ஏறிவிட்டால் நேராக்க ஒரு அம்புக்குறி. வேண்டாததை இழுத்து வேறு உறைக்குள் போட்டுக்கொள்ளலாம். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தட்டித் தட்டி நானே கற்றுக்கொண்டேன். அலமாரியில் அரை நாள் தேடுகிற தாள் ஒரு நொடியில் கண்முன் வந்து நின்றபோது, மறைக்காமல் சொல்கிறேன், கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஸ்கேனர் ஒரு பக்கத்தை விழுங்கித் துப்புவதற்குள் எனக்கு ஒரு கொட்டாவி வந்துவிடும். தாளுக்கு இரண்டு பக்கம். முன்பக்கத்தில் வேலை விவரம், பின்பக்கத்தில் குடும்ப விவரம். நான் முன்பக்கத்தோடு நிறுத்திக்கொண்டேன். பின்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?

ஒவ்வொரு தாளுக்கும் ஒரு பெயர் கொடுக்க வேண்டும். ஆட்களின் பெயரைக் கொடுத்தால் குழப்பம், ஒரே பெயரில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அதனால் எண்ணைக் கொடுத்தேன். எங்கள் எஸ்டேட்டில் வேலைக்குச் சேருகிறவருக்கு அடுத்த எண்ணைக் கொடுப்பார்கள். ஒருவர் விலகிப் போனால் அந்த எண் காலியாகவே கிடக்கும், இன்னொருவருக்குப் போகாது. காலையில் மஸ்டர் கொட்டகையில் ஆஜர் எடுக்கும்போது எண்ணைத்தான் கூப்பிடுவார்கள். கொழுந்து நிறுக்கும்போது எண் வரிசையில்தான் நிற்பார்கள். யாருக்கு முன்னால் யார் சேர்ந்தார் என்பது அவர்களுக்கு மனப்பாடம். சின்ன எண்ணுக்கு அங்கே ஒரு தனி மரியாதை இருந்தது.

இருந்தவர்களில் மிகச் சின்ன எண்களில் ஒன்று ஒன்பது. சிலோனிலிருந்து கப்பலில் வந்து, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு மலை ஏறியவர். பல்லில்லாத, சிரிக்காத ஒரு அம்மாள். அவரை அந்த எண்ணாகத்தான் எனக்குத் தெரியும். தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகளில் யார் யாருக்கு என்ன உறவு என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. நாலரை பஸ் பிடிக்கிறவளுக்கு அது எப்படித் தெரியும்?

மழைக்காலம் முடியும்போது ஹெட் ஆபீஸிலிருந்து உத்தரவு வந்தது. பாதிப் பேர் போதும், மீதிப் பேரை நிறுத்து. முதலில் சேர்ந்தவர்கள் இருப்பார்கள், கடைசியில் சேர்ந்தவர்கள் போக வேண்டும். வேலை போனால் அந்தப் பெயரில் உள்ள லைன் வீடும் போகும்.

மேனேஜர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். கோயமுத்தூர்க்காரர், கத்திப் பேச மாட்டார்.

"ஏனுங்கம்மா, எல்லாந்தான் கம்ப்யூட்டர்ல ஏத்தி வெச்சிருக்கீங்களே. அதுலயே வரிசையா வருமுங்களா?"

மஞ்சள் உறையைத் திறந்தேன். எண்கள் மேலிருந்து கீழாக வந்து நின்றன.

"பாருங்க, எவ்வளவு சுத்தமா நிக்குது! இதையே பேரு, வந்த தோட்டம் மட்டும் பாத்து டைப் அடிச்சிருங்க. மேல பாதி இருக்கட்டும், கீழ பாதியைத் தனியாப் போட்டுருங்க."

மணி மூன்று நாற்பது. ஒவ்வொரு தாளாகத் திறந்து, பெயரைப் பார்த்து அடித்தேன். முதலில் ஒன்று. அதற்கு அடுத்து பத்து. பத்துக்கு அடுத்து நூறு, நூற்றொன்று. இது என்ன வரிசை என்று விரல் ஒரு நிமிடம் நின்றது உண்மை. மேனேஜரிடம் சொல்லவும் சொன்னேன்.

"கம்ப்யூட்டர் போட்ட வரிசைங்க அது. நாம கை வெச்சாத்தான் தப்பு வரும்" என்றார்.

சரி என்று விட்டுவிட்டேன். மூளை வேலை செய்யாமல் இல்லை. அதை வேலை செய்ய விட்டால் பஸ் போய்விடும். விஷயம் இவ்வளவுதான்: அந்தப் பழைய மெஷினுக்கு எண்ணத் தெரியாது. முழு எண்ணைப் பார்க்காமல், முதல் இலக்கத்திலிருந்து ஒவ்வொரு இலக்கமாகப் பார்த்து வரிசை போட்டது. ஒன்றில் ஆரம்பிப்பதெல்லாம் மேலே. ஒன்பதில் ஆரம்பிப்பதெல்லாம் அடியில். அதன் கணக்கில் நூறு முன்னால் வந்தது, ஒன்பது பின்னால் போனது. பால்வாடிப் பிள்ளை செய்யாத தப்பை அது செய்தது, நானும் அதற்குத் தட்டச்சு அடித்துக் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் பட்டியல் மஸ்டர் கொட்டகையில் ஒட்டப்பட்டது. பெயரும் வந்த தோட்டமும்தான் இருந்தன, எண் இல்லை. ஆனால் படித்த மாத்திரத்தில் வரிசை தப்பு என்று அத்தனை பேருக்கும் புரிந்துவிட்டது, ஆபீஸில் இருந்த எங்களுக்குத்தான் புரியவில்லை. சத்தம் ஒன்றும் வரவில்லை. மூடிக்கொண்டு வரும் தேயிலைத் தோட்டங்களில் அப்போது சத்தம் போடக்கூட யாருக்கும் தெம்பில்லை.

பத்து மணிக்கு ஒன்பதாம் எண் அம்மாள் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தார். இடுப்பில் கட்டிய சாக்கு நனைந்திருந்தது.

"அம்மா, இந்த லிஸ்டு முடிவாயிருச்சுங்களா?"

"ஏங்க, உங்க பேர் இல்லீங்களா?"

"கீழ இருக்குங்க. அது கிடக்கட்டும். இனி மாத்த மாட்டாங்கள்ல?"

"நான் என்னன்னு பார்க்கிறேங்க" என்றேன்.

"பாக்க வேண்டாங்கம்மா. சும்மா கேட்டேன்."

அவர் படி இறங்கிப் போனார். அநியாயம் நடந்தும் வாய் திறந்து கேட்கத் தெரியாத ஜென்மம் என்று நினைத்துக்கொண்டேன். உறையைத் திறந்தேன். ஒன்பதைத் தேடினேன். கீழே போய்க்கொண்டே இருந்தது. ஐந்து, ஆறு, ஏழு எல்லாம் அங்கங்கே புதைந்து கிடந்தன. ஒன்பது கிட்டத்தட்ட அடிமட்டத்தில் இருந்தது. என் கையால் அடித்த பட்டியல் அது.

மேனேஜரிடம் ஓடினேன். அவருக்கு விஷயம் புரிந்ததும் முகம் மாறியது. ஆனாலும் தயங்கினார்.

"லிஸ்டு கோயமுத்தூர் ஹெட் ஆபீஸுக்குப் போயிருச்சுங்களே. ஒட்டினதைக் கிழிச்சா நல்லாவா இருக்கும்?"

"தப்புங்க சார். முன்னாடி சேந்தவங்களை வெளிய அனுப்பப் போறோம்."

"கம்ப்யூட்டர் தப்புன்னா அவங்க நம்ப மாட்டாங்கம்மா."

"என் தப்புன்னு எழுதித் தர்றேன்."

எழுதிக் கொடுத்தேன். நூறுக்குக் கீழே இருந்த அத்தனை எண்களையும் மூன்று இலக்கமாகத் திருத்தினேன். ஒன்பதை 009 ஆக்கினேன், நூற்று நாலை அப்படியே விட்டேன். ஒவ்வொன்றாகப் பெயர் மாற்ற மாற்ற, சின்ன எண்கள் மேலே ஏறி வந்து தத்தம் இடத்தில் நின்றன. அன்று நாலரை பஸ்ஸை விட்டேன். ஏழு மணி பஸ்ஸில் வீட்டுக்குப் போனபோது, எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு களைப்பே தெரியவில்லை.

ஒரு வாரத்தில் புதிய பட்டியல் ஒட்டினார்கள். ஐம்பத்திரண்டாம் எண்காரர் ஆபீஸ் வாசலில் வந்து கும்பிட்டுவிட்டுப் போனார். ஐந்தாம் எண் அம்மாள் ஒரு பை நிறையப் பீன்ஸ் கொண்டு வந்தார். ஒன்பது மட்டும் வரவில்லை. வரவேண்டும் என்று நான் எதிர்பார்த்தேன். இதையும் மறைக்கப் போவதில்லை.

மாதம் முடிகிற சமயம் அவர் வந்தார். கையில் வேலையிலிருந்து விலகுகிறவர்கள் கொடுக்க வேண்டிய தாள் இருந்தது. உங்களுக்கென்ன, உங்களுடைய இடம்தான் இருக்கிறதே என்று சொல்ல வாயெடுத்தேன். தாளில் எண் நூற்று நாலு.

"இது யாருதுங்க?"

"என் மகளுதுங்கம்மா. அவ திருப்பூருக்குப் போயிட்டா, பனியன் கம்பெனிக்கு. என்னையக் குடுக்கச் சொன்னா."

அலமாரியிலிருந்து நூற்று நாலின் தாளை எடுத்தேன். முதல் தடவையாகத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் குடும்ப விவரம். தாயார்: நம்பர் 9. வேறு ஒன்றுமே எழுதியிருக்கவில்லை, அது ஒன்றுதான்.

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. முதல் பட்டியலில் அம்மா கீழே இருந்தார், மகள் மேலே இருந்தாள். அதை மாற்ற மாட்டார்கள்தானே என்று உறுதி செய்துகொள்ளத்தான் அன்று ஜன்னலுக்கு வந்திருக்கிறார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்களே" என்றேன்.

"என்னன்னு சொல்றதுங்க? தப்பான லிஸ்டு, அப்படியே இருக்கட்டும்னா?" அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அஞ்சும் ஆறும் எனக்கு முன்னாடி வந்தவங்க. அவங்க வயித்துல அடிச்சுட்டு நான் கேக்க முடியுங்களா? வாயத் தெறக்காம இருந்தா அதுபாட்டுக்குப் போயிரும்னு நெனச்சேன்."

"உங்க இடத்தை மகளுக்குக் குடுக்க முடியாதுங்களா?"

"மேனேஜர் தொரைகிட்டக் கேட்டுட்டேங்க. நான் வேலைய விட்டு நின்னா அந்த எடம் காலியாத்தான் போகுமாம், அவளுக்கு வராதாம். எனக்கு இன்னும் மூணு வருசந்தான் சர்வீசு. அவளுக்கு முப்பது வருசம் கெடந்துச்சு." வெளியே மலையைப் பார்த்தபடி, "இந்தக் குளுர்லயே பொறந்தவ. அந்த வெயிலு அவளுக்கு ஆகாதுங்க" என்றார்.

"நான் தெரியாம..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க சரியாத்தானுங்கம்மா செஞ்சீங்க."

அவர் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. குத்திக்காட்டியிருந்தால் எனக்குத் தேவலாம்போல இருந்திருக்கும். நான் செய்தது சரிதான் என்பது எனக்கும் தெரியும், இன்றைக்கும் தெரியும். அந்தப் பின்பக்கத்தைப் படித்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். ஆனால் செய்துவிட்டுச் சந்தோஷமாக பஸ் ஏறியிருக்க மாட்டேன்.

"கம்ப்யூட்டர்லயும் எடுத்தாத்தான் கணக்கு முடியும்னு கங்காணி சொன்னாரு" என்றார். பார்த்துவிட்டுத்தான் போவார் என்று தெரிந்தது. திரையை அவர் பக்கம் கொஞ்சம் திருப்பினேன். உறையைத் திறந்தேன். நூற்று நாலைத் தட்டியதும் தாள் பெரிதாக விரிந்தது. மூலையில் அவர் மகளின் போட்டோ, இரட்டைப் பின்னல். அந்த அம்மாள் ஜன்னல் கம்பியோடு முகத்தை நெருக்கிக்கொண்டு பார்த்தார். போதும் என்று அவர் சொல்லும்வரை நான் மூடவில்லை.

பிறகு தாளை மூடி, நூற்று நாலை இழுத்து, 'விலகியவர்கள்' என்று பெயர் வைத்திருந்த இன்னொரு மஞ்சள் உறைக்குள் விட்டேன். அது உள்ளே போய்விட்டது. நூற்று மூன்றும் நூற்று ஐந்தும் நெருங்கி வந்து ஒட்டிக்கொண்டன.

"அவ்வளவுதானுங்களா?" என்று கேட்டார்.

"அவ்வளவுதாங்க."

சாக்கை இழுத்துக் கட்டிக்கொண்டு அவர் மேட்டுக் காட்டுக்கு ஏறினார். அங்கே அன்றைக்கு இன்னும் பாதி நாள் கொழுந்து பாக்கி இருந்தது.